முயல் கணக்கு



2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களான நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் வயல்வெளிகளில் முயல்கள் செத்துக் கிடந்தன. நாய் கடித்த காயம் இல்லை, குண்டு பட்ட அடையாளமும் இல்லை. உயிரோடு இருந்தவற்றிலும் சில, ஆள் கிட்டே போனால்கூட எழுந்து ஓடவில்லை. இதை முதலில் பார்த்தவர்கள் உழவர்களும், நாயோடு நடக்கப் போகிறவர்களும்தான். கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தில் டயானா பெல் என்ற ஆய்வாளர் இருக்கிறார். முயல் இன நோய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்பவர். அவரும் அந்த வட்டாரத்து வனவிலங்கு அறக்கட்டளைகளும் சேர்ந்து பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். செத்த முயலையோ நோயுற்ற முயலையோ கண்டால் கிட்டே நின்று படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார்கள்.

தகவல்கள் வந்து குவிந்தன. சில உடல்கள் பரிசோதனைக்கும் கிடைத்தன. சில மாதங்களுக்குள் இரண்டு நோய்கள் தெரியவந்தன. ஒன்று மிக்ஸோமடோசிஸ். 1953-இல் பிரிட்டனுக்குள் நுழைந்து, வளை தோண்டி வாழும் குழிமுயல்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த நோய் அது. இன்னொன்று, 2010-இல் பிரான்சில் முதலில் தென்பட்ட, ரத்தக்கசிவு நோயைத் தரும் ஒரு புதுவகை வைரஸ். இரண்டுமே குழிமுயலின் நோய்களாக அறியப்பட்டவை. அவை வளை தோண்டாத வயல்முயலுக்கும் தாவியிருந்தன. மறுவருடம் அயர்லாந்திலும் இதே வைரஸ் அந்நாட்டு முயலில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கேயும் செத்த முயலைக் கண்டால் சொல்லுங்கள் என்று அரசு மக்களைத்தான் கேட்டது. நாய்களை விட்டு முயல் துரத்தும் பந்தயத்துக்காக முயல் பிடிக்கும் உரிமங்களையும் நிறுத்தி வைத்தது.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அடுத்து எழுந்த கேள்விதான் கடினம்: செத்தவை எத்தனை, எத்தனையில் எத்தனை? நூறு முயல் செத்ததாகச் செய்தி வந்தால், அந்த வட்டாரத்தில் இருந்ததே இருநூறா, இருபதாயிரமா? முன்பே எண்ணி வைத்திருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இன்றைய என் பேச்சு அந்த முன்கணக்கைப் பற்றியது. அதை எண்ணியவர்கள் யார், எப்படி எண்ணினார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதைப் பற்றியது.

முயலை எண்ணுவது ஏன் கடினம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பேசுவது வளை தோண்டாத முயலை. அது வெட்டவெளியில், புல்லுக்குள் ஒரு சிறு பள்ளம் செய்து உடம்பைப் பதித்துக்கொண்டு பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். நீங்கள் நாலடி தள்ளிக் கடந்து போனாலும் உங்களுக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. பிறந்த சில நாட்களில் ஆளுக்கொரு மூலையில் போய்ப் பதுங்கிக்கொள்கின்றன. தாய் பகலில் அவற்றின் பக்கமே வராது. பொழுது சாய்ந்தபின் ஒரே ஒருமுறை வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். மேய்ச்சல் அந்தியிலும் இரவிலும்தான். வசந்தத்தில் மட்டும் கொஞ்சம் வெளிப்படையாகத் திரியும். இரண்டு முயல்கள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடுவதை அந்தப் பருவத்தில் பார்க்கலாம். ஆண்கள் இரண்டு மோதிக்கொள்வதாக நெடுங்காலம் நினைத்தார்கள். பெரும்பாலும் அது விருப்பமில்லாத பெண் முயல் ஆண் முயலுக்குக் கொடுக்கும் அறை.

இப்படி ஒளியும் பிராணியை ஒரு நாடு முழுவதும் எண்ண எத்தனை விஞ்ஞானிகள் வேண்டும்? எந்த அரசும் அத்தனை பேருக்குச் சம்பளம் தராது. புலிக்குத் தரும், யானைக்குத் தரும். முயலையும் யானையையும் பக்கத்தில் வைத்து, எது பெரிய வேட்டை என்று வள்ளுவரே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இன்றைய வனவிலங்குப் பாதுகாப்பும் அந்தத் தீர்ப்பின்படியே பணம் ஒதுக்குகிறது என்று நான் சொன்னால் வனத்துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அரிய விலங்குக்கு நிபுணர் கிடைப்பார். சாதாரண விலங்குக்குச் சாதாரண மக்கள்தான் கதி. ஒரு விலங்கு குறையத் தொடங்குவதோ, அது சாதாரணமாக இருக்கும் காலத்தில்தான்.

பிரிட்டனில் இதைக் கொஞ்சம் முன்னதாகவே உணர்ந்தார்கள். வேட்டைக்காரர்களின் பதிவேடுகளில் 1960-களுக்குப் பிறகு முயல் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. 1961 முதல், எஸ்டேட்டுகள் எனப்படும் வேட்டை நடக்கும் பெருநிலங்களில் சுட்டவற்றின் கணக்கைத் தொகுக்கும் ஏற்பாடு ஒன்று அங்கே உண்டு. ஆனால் சுட்டதன் கணக்கு இருப்பதன் கணக்கு ஆகாது. எனவே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1991 முதல் 1993 வரை தேசிய முயல் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். நாட்டின் வரைபடத்தை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றிலிருந்து சில நூறு கட்டங்களைத் தேர்ந்து, தன்னார்வலர்களிடம் கொடுத்தார்கள். பயிர் உயரமாக இல்லாத குளிர்காலத்தில் குறித்த பாதையில் நடந்து, கண்ட முயலையும் அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்தத் தூரம்தான் முக்கியம். கிட்டே கிடப்பது கண்ணில் படும், எட்டக் கிடப்பது தப்பிவிடும். எவ்வளவு தூரத்தில் எத்தனை தப்புகின்றன என்று கணித்தால், காணாததையும் சேர்த்து மதிப்பிடலாம். வந்த விடை ஏறத்தாழ 8 லட்சம் முயல்கள். 1990-களின் கடைசியில் திரும்ப எண்ணியபோது ஏழரை லட்சம் என்று வந்தது. 2018-இல் பிரிட்டனின் பாலூட்டிகள் சங்கம் பல தரவுகளைச் சேர்த்து வெளியிட்ட மதிப்பீடு 5 லட்சத்து 79 ஆயிரம். இந்த மூன்றாவது எண்ணின் கணக்கு முறை வேறு. அதனால் மூன்றையும் வரிசையாக வைத்து, இத்தனை சதவீதம் வீழ்ச்சி என்று தலைப்புப் போடுவது தவறு. போட்டவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று, முயலுக்காக ஏற்பட்டதே அல்ல. பிரிட்டனின் பறவையியல் அறக்கட்டளை 1994-இல் இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவருக்கு ஒரு கட்டம். வசந்தத்தில் இரண்டு முறை, விடியற்காலையில், ஒரே பாதையில் நடக்க வேண்டும். வருடா வருடம் அதே பாதை. மறுவருடமே யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது: இவ்வளவு பேர் விடியலில் வயலில் நிற்கிறார்களே, பறவைப் படிவத்திலேயே பாலூட்டிகளையும் எழுதச் சொன்னால் என்ன? 1995 முதல் எழுதுகிறார்கள். முயல், குழிமுயல், நரி, மான், சாம்பல் அணில் என்று ஒரு பட்டியல். கூடுதல் செலவு என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. பிரிட்டனின் முயல் கூடுகிறதா குறைகிறதா என்று வருடா வருடம் சொல்ல முடிவதற்கு, பறவை பார்க்கப் போன ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் படிவத்தில் எழுதியதே பெரிய ஆதாரம்.

அந்தப் படிவத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. முயலைத் தேடி நடந்து ஒன்றும் காணாதவர் சைபர் என்று எழுத வேண்டும். நம் ஊரில் இதை ஏற்க வைப்பதுதான் பெரும்பாடு. ஒன்றுமே பார்க்கவில்லை, என்னத்தை அனுப்புவது என்பார்கள். கண்டதை மட்டும் அனுப்பினால், அந்த வரைபடம் முயல் எங்கே இருக்கிறது என்று காட்டாது. செல்போன் வைத்திருப்பவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்றுதான் காட்டும். சாலையோரம் முழுக்கப் புள்ளி, சாலை இல்லாத இடத்தில் வெறுமை. பாலூட்டிகள் சங்கம் 2018-இல் கொண்டுவந்த செல்போன் செயலி இதற்காகவே நடந்த பாதையையும் சேர்த்துப் பதிகிறது. மூன்று கிலோமீட்டர் நடந்து எதையும் காணாவிட்டாலும் அந்த நடை ஒரு தகவலாகச் சேர்ந்துவிடுகிறது.

இப்போது ஸ்காட்லாந்துக்குப் போவோம். கொஞ்சம் சண்டை உள்ள இடம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பழுப்பு வயல்முயல் வந்தேறி. சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு மனிதர் கொண்டுவந்தது. உண்பதற்காகக் கொண்டுவரவில்லை போலும். பிரிட்டன்காரர்கள் முயல் தின்பதைப் பாவமாகக் கருதினார்கள் என்று ஜூலியஸ் சீசரே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஸ்காட்லாந்தின் மலைமுயல் மண்ணின் பிராணி. குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும். ஹெதர் புதர் மூடிய மேட்டுநிலங்கள் அதன் வீடு. அதே நிலங்களில் கிரௌஸ் என்ற காட்டுக்கோழியை வேட்டைக்காகப் பெருகச் செய்கிறார்கள். ஒருநாள் சுடுவதற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டணம் புரளும் தொழில் அது. கிரௌஸ் குஞ்சுகளைக் கொல்லும் வைரஸ் ஒன்றை உண்ணிகள் பரப்புகின்றன, உண்ணிகளை முயல்கள் சுமக்கின்றன என்று சொல்லி, எஸ்டேட்டுகள் முயல்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டன. ஆண்டுக்குச் சராசரி 26 ஆயிரம் என்பது அரசு வட்டாரமே ஒப்புக்கொண்ட எண்.

அவ்வளவு சுட்டும் முயல் குறையவில்லை என்றது எஸ்டேட் தரப்பு. நிறைய இருக்கிறது, அதனால்தான் சுடுகிறோம் என்றார்கள். மறுத்துச் சொல்ல எண்ணிக்கை வேண்டுமே? அது ஒரே மனிதரிடம் இருந்தது. ஆடம் வாட்சன் என்ற சூழலியல் அறிஞர், 1940-களில் சிறுவனாக இருந்தபோதே கிழக்கு ஸ்காட்லாந்து மலைகளில் எண்ணத் தொடங்கியவர். ஒரே மலைகள், ஒரே பருவம், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். 2018-இல் அவரும் சக ஆய்வாளர் ஜெரமி வில்சனும் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். தீவிர கிரௌஸ் வேட்டை நடக்கும் நிலங்களில் முயல் அடர்த்தி, 1950-களில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. 1999-க்குப் பிறகு சரிவின் வேகம் மிகவும் கூடியிருந்தது. அந்தக் கட்டுரை வந்த சில மாதங்களில், 2019 ஜனவரியில், வாட்சன் மறைந்தார்.

வேட்டை ஆதரவுத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. எஸ்டேட்டுகளிடம் கேட்டு எடுத்த அவர்களது கணக்கு, கிரௌஸ் நிலங்களில் மலைமுயல் பரவியிருக்கும் எல்லை சுருங்கவில்லை என்றது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்ற பழமொழி நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் நிதானமாகப் பார்த்தால், இரண்டு தரப்பும் உண்மையே சொல்லியிருக்கலாம். ஒருவர் கேட்டது ‘இருக்கிறதா’ என்று, மற்றவர் கேட்டது ‘எத்தனை’ என்று. ஒரு மலையில் நூறு முயல் இருந்து ஒன்றாகக் குறைந்தாலும், வரைபடத்தில் அந்த மலைக்கு அதே புள்ளிதான். ‘இங்கே முயல் உண்டு’ என்ற ஒற்றைத் தகவல் ஆயிரம் வந்தாலும், தொண்ணூற்றொன்பது முயல்கள் போனதை அது காட்டாது. மக்கள் கணக்கெடுப்பு நடத்த விரும்பும் மாணவர்கள் இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

2020 ஜூனில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், பசுமைக் கட்சியின் அலிசன் ஜான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறி, 2021 மார்ச் 1 முதல் உரிமம் இல்லாமல் மலைமுயலைக் கொல்வது குற்றமாயிற்று. அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. பாதுகாத்த பிறகு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். சுடுவது நின்றால் சுட்டதன் பதிவேடும் நின்றுபோகும். அந்த இடத்தில்தான் மலையேறும் சாதாரண மக்களை அழைத்தார்கள். பறவையியல் அறக்கட்டளையும், பாலூட்டிகள் சங்கமும், அரசு இயற்கைத் துறையும், வேட்டை ஆதரவு ஆய்வு நிறுவனமும்கூட ஒரே திட்டத்தில் சேர்ந்தன. நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கக்கூடியவர்கள் ஒரே படிவத்துக்கு ஒப்புக்கொண்டதை நான் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன்.

அயர்லாந்தில் வேறொரு பாடம் கிடைத்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே இரவில் காரில் போய் விளக்கடித்து எண்ணினார்கள். 2006-இல் 2 லட்சத்து 33 ஆயிரம் என்ற மதிப்பீடு வந்தது. மறுவருடம் 5 லட்சத்து 35 ஆயிரம். ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல்! முயல் அப்படி ஏறி இறங்கும் பிராணிதான், ஆனாலும் இரண்டே ஆண்டுக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது தெரிந்தது. 2017 முதல் 2019 வரை தானியங்கி கேமரா வைத்து எண்ணினார்கள், சுமார் 2 லட்சத்து 23 ஆயிரம் என்று வந்தது. கருவி நல்லதுதான். ஆனால் கருவியை மாற்றியதும் பழைய கணக்கோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. வாட்சனின் வெறும் கண்ணும் நோட்டுப் புத்தகமும் எழுபது ஆண்டு மாறாமல் இருந்ததில்தான் அவற்றின் மதிப்பு.

இனி நம் ஊர். நம் காட்டு முயல் பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள வேறு இனம். பெயர்தான் காட்டு முயல். அடர்காட்டை விட மானாவாரி நிலம், தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு, கொங்குநாட்டுக் கொரங்காடு, கம்மாய்க் கரைப் புதர் இவைதான் அதற்குத் தோது. உலகப் பட்டியலில் அது கவலைக்குரியதல்ல என்ற வகுப்பில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். சிவராத்திரியை ஒட்டிய பாரிவேட்டை நாட்களில் வனத்துறை எச்சரிப்பதும், வலையோடும் நெற்றி விளக்கோடும் பிடிபட்டவர்கள் அபராதம் கட்டுவதும் நாளிதழ்களில் நீங்கள் படிப்பவைதாம். புலிக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு தழுவிய கணக்கெடுப்பு உண்டு. முயலுக்கென்று அப்படி ஒன்றும் இல்லை.

முன்னெல்லாம் வரப்பில் கால் வைத்தால் முயல் பாயும், இப்போது எங்கே என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தரிசெல்லாம் மனைப்பிரிவாகிறது, மேய்ச்சல் நிலத்தைச் சீமைக் கருவேலம் மூடுகிறது. அவர்கள் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் நான் அதை அப்படியே ஏற்கத் தயங்குவேன். சிட்டுக்குருவி விஷயத்தில் என்ன நடந்தது? செல்போன் கோபுரம் குருவியை அழித்துவிட்டது என்று நாடே புலம்பியது. பறவை ஆர்வலர்கள் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் அளித்த பதிவுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைந்திருப்பதையும், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாக இருப்பதையும் காட்டியது. புலம்பல் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று எண்ணிய பிறகுதான் தெரிந்தது.

அந்த எண்ணும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறோம். எத்தனை நிமிடம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்று எழுதவும், கண்ட எல்லா இனத்தையும் பட்டியலிடவும் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பழகிவிட்டார்கள். பிரிட்டனில் 1995-இல் செய்ததை நாம் வரும் பொங்கலுக்கே செய்யலாம் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் புதுச் சங்கமோ நிதியோ தேவையில்லை. ஆடு மேய்ப்பவர்களைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். முயல் படுத்திருந்த பள்ளத்தையும், உருண்டையாக வெளிறிக் கிடக்கும் புழுக்கையையும் அவர்கள் காட்டிக்கொடுப்பதுபோல எந்தப் புத்தகமும் காட்டாது. முயலைக் காணாத நாளிலும் புழுக்கை காணக் கிடைக்கும். அதையும் எண்ணலாம், உலகெங்கும் எண்ணுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில், நாய்களை விட்டு முயல் துரத்திச் சூதாடும் கும்பல்கள் உண்டு. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் ஓயவில்லை. 2022-இல் தண்டனையைக் கூட்டினார்கள். முயல் இருந்தால் கும்பல் வருமே என்று பயந்து, தம் வயலில் இருக்கும் முயல்களைத் தாமே சுட்டுவிடும் உழவர்களும் அங்கே இருக்கிறார்கள். முயல் எந்த வயலில் இருக்கிறது என்ற தகவல் அவ்வளவு ஆபத்தானது. நம் ஊர் நெற்றி விளக்குக்காரரும் செல்போன் வைத்திருக்கிறார். ஆகவே வரும் பொங்கலுக்குப் பறவை எண்ணப் போகும் நண்பர்களே, உங்கள் பட்டியலோடு முயலுக்கும் ஒரு வரி சேருங்கள். நடந்த தூரம், நேரம், கண்ட எண்ணிக்கை, காணாவிட்டால் சைபர், இவற்றை எழுதுங்கள். துல்லியமான இடத்தைக் கணக்கைத் தொகுப்பவரிடம் மட்டும் கொடுங்கள். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் படம் போட ஆசைப்பட்டால், மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.